தெரியாது என்று சொல்லும் முன்

“தெரியாமல் நடந்துவிட்டது, சாமி” என்ற சொற்களைக் கேளாமல் ஒரு பங்குத்தந்தையின் வாரம் கழிவதில்லை. பிள்ளை தவறான வழியில் போனதை உணராத தந்தை அவ்வாறு சொல்கிறார். களைக்கொல்லி தெளிக்கப்போய் அடுத்தவர் வயலையும் கருக்கிவிட்டவர் சொல்கிறார். கூட்டுக் குடும்பத்தில் தம்பியின் மனம் நொந்து கிடந்ததைக் கவனியாத அண்ணன் சொல்கிறார். இவர்களில் பெரும்பாலோர் பொய் பேசுவதில்லை. உண்மையாகவே அவர்களுக்குத் தெரியாதுதான். ஆயினும் கேள்வி அத்துடன் முடிந்துவிடுகிறதா? தெரியாதவர் எல்லாரும் குற்றமற்றவர்தாமா?

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்த நாள்களில் இதற்கு விடை கற்றுக்கொடுத்தார்கள். அறியாமை இரு வகைப்படும். எவ்வளவு முயன்றாலும் நீக்க இயலாத அறியாமை ஒன்று. சிறிது முயன்றிருந்தால் நீங்கியிருக்கும் அறியாமை மற்றொன்று. முன்னது மனிதனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும், பின்னது விடுவிக்காது. அறிந்திருக்க வேண்டியதும் அறியக்கூடியதுமான ஒன்றை அசட்டையால் அறியாதிருப்பது தன்னிலேயே பாவம் என்பது புனித தாமஸ் அக்குவினாசின் போதனை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965-இல் வெளியிட்ட ‘இன்றைய உலகில் திருச்சபை’ என்னும் ஏட்டில் இந்த வேறுபாட்டைக் காக்கிறது. நீக்க இயலாத அறியாமையால் தவறும் மனச்சான்று தன் மாண்பை இழப்பதில்லை. உண்மையைத் தேடுவதில் அக்கறையற்றவனுக்கு அந்தச் சலுகை இல்லை.

இதைத் தேர்வில் நன்றாகவே எழுதினேன். ஆனால் அதன் பொருள் என் உள்ளத்தில் இறங்குவதற்கு, பல ஆண்டுகள் கழித்து ஒரு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி இரவு. அடைமழை சற்று ஓய்ந்திருந்தது. கூத்தாநல்லூரிலிருந்து சில கல் தொலைவில் உள்ள ஒரு சிற்றூரில் முதியவர் ஒருவர் சாகக் கிடப்பதாகவும், நோயில் பூசுதல் கேட்பதாகவும் செய்தி வந்தது. புனித எண்ணெயையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு என் பழைய மொபெட்டில் புறப்பட்டேன். லெட்சுமாங்குடியைத் தாண்டி, இருபுறமும் சம்பாப் பயிர் நின்ற வாய்க்கால் கரைச் சாலையில் வண்டி இருமுறை இருமிவிட்டு நின்றது. மிதித்தேன், தள்ளினேன், மீண்டும் மிதித்தேன். எஞ்சின் உயிர்பெறவில்லை. தவளைச் சத்தத்தைத் தவிர அங்கே வேறு துணை இல்லை.

ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் அதே வகை மொபெட்டில் ஒரு பால்காரர் வந்தார். டார்ச் விளக்கை என் கையில் கொடுத்துவிட்டு என் வண்டியின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். அதன் முனை முழுதும் கரி படிந்து, எண்ணெய்ப் பிசுக்கேறி இருந்தது. தம் வண்டிப் பெட்டியிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு புதுப் பிளக்கை எடுத்துப் பொருத்தினார். வண்டி உடனே கிளம்பிற்று. பணம் கொடுத்தேன், வாங்க மறுத்தார். “இது உங்களுக்கு வேண்டுமே” என்றேன். “இருக்கட்டும் சாமி, சாவு வீட்டுக்குப் போறீங்க. விடியறதுக்குள்ள நான் வேற வாங்கிக்கிறேன்” என்றார். விடியும் முன் எந்தக் கடை திறந்திருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது முதியவர் இறந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. “‘சாமி வந்துட்டாரா, சாமி வந்துட்டாரா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு” என்று அவர் மகள் அழுதார். “வழியில வண்டி நின்னுபோச்சும்மா” என்றேன். “வண்டி நின்னா நீங்க என்ன சாமி செய்வீங்க?” என்று அந்தத் துயரிலும் எனக்கு ஆறுதல் சொன்னார் அந்த அம்மா.

நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு முன்பே கடைத்தெரு மெக்கானிக், “ஃபாதர், பிளக் கரி பிடிக்குது. மாத்திடுங்க, பெட்டியில ஒண்ணு உபரியா போட்டு வைங்க” என்று சொல்லியிருந்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்ததால் நான் அதைச் செய்யவில்லை. அவர் சொன்னதையே மறந்துபோனேன். அந்த அம்மா மன்னித்தது வண்டியின் குற்றத்தை. என் குற்றத்தை அல்ல. என் குற்றம் இன்னதென்று அவருக்குத் தெரியாது. அதைத் தெரியாமலிருக்கச் செய்தவன் நான்.

இந்த நினைவு நெடுநாள் ஒரு முள்ளைப்போல் உறுத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் வைத்துக் கொடுத்தவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர். கூத்தாநல்லூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போவது தலைமுறைகளாக உள்ள வழக்கம். அவ்வாறு சென்ற இவர் அங்கே சிறிய விமானங்களைப் பழுதுபார்க்கும் பணிமனையில் வேலை செய்கிறார். விடுமுறையில் வந்தவர் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து, தம் தொழிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மொபெட் கதையைக் கேட்டதும் சிரித்துவிட்டு, “உங்க வண்டிக்கு ஒரே பிளக், சாமி. அது போனால் வண்டி நின்றுவிடும், உடனே தெரிந்துவிடும். விமானத்தில் கதை வேறு” என்றார்.

வயல் வரப்பின் ஓரத்தில் மொபெட்டை நிறுத்தலாம். வானத்தில் நிறுத்த ஓரம் ஏது? ஆகவே சிறிய விமானங்களின் பிஸ்டன் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் வைக்கிறார்கள். நான்கு சிலிண்டர் என்றால் எட்டுப் பிளக். அவற்றுக்குத் தீப்பொறி கொடுக்க மேக்னெட்டோ எனப்படும் கருவிகள் இரண்டு, இடம் ஒன்று, வலம் ஒன்றாக உண்டு. மேக்னெட்டோ, எஞ்சினின் சுழற்சியாலேயே தன்னுள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்குவது. விமானத்தின் பேட்டரி முற்றிலும் செத்துப்போனாலும் எஞ்சின் ஓடுவதற்கு இதுவே காரணம். ஒரு மேக்னெட்டோ பழுதானால் மற்றது விமானத்தைத் தாங்கிக்கொள்ளும்.

இந்தப் பாதுகாப்பே ஓர் ஆபத்தையும் ஒளித்துவைத்திருக்கிறது. இரண்டும் இணைந்து இயங்கும் நிலையில் சாவியை வைத்து ஓட்டும்போது, ஒன்று செத்திருந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். சற்றே வலு குறையும், அவ்வளவுதான். கவனியாத காதுக்கு அது எட்டாது. மற்றதும் போகிற அன்றுதான் முதலாவது எப்போதோ போய்விட்டது என்பது வெளிப்படும்.

அதனால்தான் விமானி ஒவ்வொரு பயணத்துக்கும் முன், ஓடுபாதையில் ஏறுமுன், விமானத்தை நிறுத்தி ஒரு சோதனை செய்கிறார். செஸ்னா 172 வகையின் ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டால், எஞ்சினை நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடவிட்டு, சாவியைத் திருப்பி முதலில் ஒரு மேக்னெட்டோவில் மட்டும் ஓட்டிப் பார்க்கிறார். பின் மற்றொன்றில் மட்டும். இரண்டு பிளக்குக்குப் பதில் ஒன்றே எரியூட்டுவதால் சுற்று சிறிது குறையத்தான் வேண்டும். அந்தக் குறைவு 150-ஐத் தாண்டக் கூடாது. இரண்டின் குறைவுக்கும் இடையே உள்ள வேறுபாடு 50-ஐத் தாண்டக் கூடாது. மாதிரிக்கு மாதிரி இந்த எண்கள் மாறும். ஆனால் சோதனை மாறாது. சில விநாடிகளே பிடிக்கும்.

இங்கேதான் குருமடப் பாடம் எனக்குத் திரும்பி வந்தது. இந்தச் சோதனையைச் செய்யாமல் பறந்த ஒருவர், நடுவானில் எஞ்சின் நின்றபின், “ஒரு மேக்னெட்டோ செத்திருந்தது எனக்குத் தெரியாது” என்றால் அவர் சொல்வது உண்மைதான். ஆயினும் அந்த அறியாமையின் விலை சாவியின் இரண்டு திருப்பங்கள். அவற்றைச் செய்யாதவர் தம் அறியாமையைத் தாமே வளர்த்துக்கொண்டார்.

நம் வாழ்விலும் ஒன்று செத்திருக்க மற்றொன்று தாங்கிக்கொண்டிருப்பது எத்தனை முறை! கணவனின் அன்பு வற்றிப்போன வீட்டை மனைவியின் பொறுமை ஓட்டிக்கொண்டிருக்கும். வீடு நன்றாக ஓடுவதாகவே ஊர் சொல்லும். செபம் வறண்டுபோன குருவின் பணியை அவருடைய பழக்கமும் திறமையும் தாங்கிக்கொண்டிருக்கும். திருவிழா குறையின்றி நடக்கும். மகிழ்ச்சியில் வரும் மறதி அளவு கடந்த சினத்தினும் தீயது என்று வள்ளுவர் ‘பொச்சாவாமை’ என்னும் அதிகாரத்தைத் தொடங்குகிறார். சினம் கொண்டவன் அதை அறிவான். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்க மறந்தவனோ, மறந்ததையே அறியமாட்டான்.

இளைஞர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “சாவியை ஒரு பக்கம் திருப்பியும் சுற்று கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் என்ன பொருள், சாமி?”

“மிக நல்ல எஞ்சின் என்று பொருள்” என்றேன்.

“இல்லை சாமி. எங்களுக்கு அதைப் பார்த்தால்தான் பயம்.”

அவர் விளக்கினார். சாவியை அணைக்கும் நிலைக்குத் திருப்பும்போது மேக்னெட்டோவுக்கு வரும் மின்சாரம் நிற்பதில்லை. அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வருவதே இல்லை அல்லவா? ஒரு கம்பியின் வழியாக அதன் மின்சாரத்தை எஞ்சினின் உடம்போடு சேர்த்துத் தரையிறக்கித்தான் அதை அடக்குகிறார்கள். அந்தக் கம்பி அறுந்திருந்தால் சாவி என்ன சொன்னாலும் மேக்னெட்டோ கேட்காது. சோதனையில் முள் அசையாது. பின்பு சாவியை அணைத்துவிட்டோம் என்று நம்பி ஒருவர் முன்புறத்து விசிறியைக் கையால் அசைத்தால், எஞ்சின் திடீரென்று உயிர்பெற்று விசிறி சுழலக்கூடும். அதனால் கை இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் உண்டு.

எந்தச் சோதனைக்கும் அசையாத முள்! ஆலயத்தில் நின்று தன் நோன்பையும் காணிக்கையையும் கணக்குச் சொன்ன பரிசேயர் என் நினைவுக்கு வந்தார். அவரது முள் அசையவே இல்லை. நாத்தான் இறைவாக்கினர் ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னபோது தாவீது அரசனின் முள் விழுந்தது. அவன் தன் பாவத்தை ஏற்றுக்கொண்டான். குறை சுட்டப்படும்போது சிறிது சுருங்குகிற மனச்சான்று நலமாக இருக்கிற மனச்சான்று. எந்தச் சொல்லுக்கும் சுருங்காத மனத்தின் அருகில்தான் பிறர் காயப்படுகிறார்கள்.

முள் அளவுக்கு மீறி விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். எஞ்சின் அதிர்ந்தபடி சுற்றுக் குறைந்தால் பெரும்பாலும் ஒரு பிளக்கில் ஈயமோ எண்ணெயோ படிந்திருக்கும். காற்றோடு கலக்கும் எரிபொருளின் அளவைக் குறைத்துச் சிறிது நேரம் வலுவாக ஓடவிட்டால் அந்தப் படிவு எரிந்துபோவதும் உண்டு. போகாவிட்டால் விமானத்தைக் கொட்டகைக்குத் திருப்பிவிட வேண்டும். அங்கே பழுதான பக்கத்து மேக்னெட்டோவில் மட்டும் எஞ்சினை ஓட்டி நிறுத்திவிட்டு எந்தச் சிலிண்டர் சூடேறாமல் இருக்கிறது என்று பார்ப்பார்கள். குளிர்ந்திருப்பதே எரியாத சிலிண்டர். அதன் பிளக்கை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் பார்ப்பார்கள். பழுதும் பிளக்கோடு இடம் மாறினால் குற்றம் பிளக்கினுடையது. பழுது பழைய இடத்திலேயே நின்றால் கம்பியையோ மேக்னெட்டோவையோ பார்க்க வேண்டும். எஞ்சின் அதிராமல் சீராக ஓடியபடி சுற்று மட்டும் மிகவும் குறைந்தால், தீப்பொறி விழும் நேரம் பிசகியிருக்கலாம்.

‘எஞ்சின் சரியில்லை’ என்று பொதுவாகச் சொல்லி எவரும் அதைச் சரிசெய்ததில்லை. எந்தச் சிலிண்டர், எந்தப் பிளக் என்று விரல் வைத்துக் காட்டிய பிறகே கருவியைக் கையில் எடுக்கிறார்கள். புனித இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் பொது ஆன்மசோதனையோடு தனி ஆன்மசோதனை என்ற ஒன்றையும் வைத்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அதில் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு நாள்தோறும் அதை மட்டும் பார்க்க வேண்டும். ‘நான் பாவி’ என்று பொதுவாகச் சொல்வது எளிது. ‘பிளக்கை மாற்றச் சொன்னார்கள், நான் மாற்றவில்லை’ என்று சொல்வதுதான் கடினம்.

விடைபெறுமுன் இளைஞர் விமான உலகில் பலரும் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு தருவதாக ஆகாகான் அறிவித்திருந்தார். 1930-இல் அதற்குப் போட்டியிட்டவர்களில் இருவர் ஜே. ஆர். டி. டாட்டாவும் ஆஸ்பி எஞ்சினியரும். டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் பறந்தார். பதினேழே வயதான ஆஸ்பி இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கிப் பறந்தார். எகிப்து நாட்டு அபூக்கீரில் இருவரும் சந்தித்தபோது, ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். டாட்டா தம்மிடம் உபரியாக இருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி மீண்டும் பறந்தார், பரிசையும் வென்றார். டாட்டா சிறிது இடைவெளியில் தோற்றார். தோற்றவர் 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானத்தை ஓட்டி, இந்திய விமானப் போக்குவரத்தைத் தொடங்கிவைத்தார். வென்றவர் 1960-இல் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியானார்.

இந்நிகழ்ச்சியைக் கேட்டபோது மகிழ்ச்சியோடு ஒரு குழப்பமும் எழுந்தது. மத்தேயு நற்செய்தியின் பத்துக் கன்னியர் உவமையில், முன்மதியுள்ள ஐவர் தம் எண்ணெயை மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. கடைக்குப் போய் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டனர். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்பார்கள்: “கொஞ்சம் கொடுத்தால் என்ன, சாமி?” டாட்டாவோ ஆயத்தமின்றி வந்த போட்டியாளருக்கே கொடுத்தார். பால்காரர் எனக்குக் கொடுத்தார். அப்படியானால் யார் செய்தது சரி?

நான் கண்டுகொண்ட விடை இது. உலகில் கொடுக்கக்கூடியவை உண்டு. கொடுக்க இயலாதவையும் உண்டு. பிளக்கைக் கொடுக்கலாம். பிளக்கைப் பார்க்க வேண்டும் என்ற விழிப்பைக் கொடுக்க முடியாது. புனித அகுஸ்தினார் அந்த எண்ணெயை அன்பு என்று விளக்குகிறார். என் உள்ளத்து அன்பை அடுத்தவர் விளக்கில் ஊற்ற எனக்கு வழியில்லை. ஆகவே முன்மதியுள்ள கன்னியர் கருமிகள் அல்லர். கொடுக்க முடியாததையே அவர்கள் கொடுக்கவில்லை. கொடுக்கக்கூடியது நம் கையில் இருக்கும்போது, எதிரே நிற்பவர் அசட்டையானவர் என்பது மறுப்பதற்குக் காரணமாகாது. பால்காரர் என்னிடம், ‘முன்பே மாற்றியிருக்கக் கூடாதா?’ என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவன் நானே. பிறரிடம் இரக்கத்தோடு தொடங்குவதும் தன்னிடம் சோதனையோடு தொடங்குவதுமே முறை. நாம் பெரும்பாலும் அதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

இளைஞர் சிங்கப்பூர் திரும்பிய வாரம் நான் அந்தச் சிற்றூருக்குப் போனேன். முதியவரின் மகள் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்: மெக்கானிக் எச்சரித்தது, நான் மறந்தது, அன்று இரவு பாதியை மட்டும் சொன்னது. அவர் நெடுநேரம் பேசவில்லை. கையிலிருந்த நெல்லைக் களத்தில் உதிர்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு, “அப்பா ரொம்பத் தேடினாரு, சாமி” என்றார். அந்த ஒரு சொல்லில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என்மீது விழுந்திருக்க வேண்டிய பாரம் முழுவதும் விழுந்தது. சற்றுப் பொறுத்து எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் காப்பி இருந்தது. “இருந்து குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

இம்முறை அவர் மன்னித்தது வண்டியை அல்ல என்று நம்புகிறேன். முற்றும் மன்னித்துவிட்டாரா என்பதை நான் கேட்கவில்லை. அது கேட்டுப் பெறுவது அன்று.

இப்போது என் வண்டிப் பெட்டியில் காகிதத்தில் சுற்றிய இரண்டு பிளக்குகள் இருக்கின்றன. ஒன்று எனக்கு, மற்றொன்று வழியில் நிற்கும் எவருக்கேனும். இரவில் படுக்குமுன், நன்றாக ஓடுவதாக நான் எண்ணிக்கொண்டிருக்கும் ஒன்றை எடுத்து, அதைத் தாங்கிக்கொண்டிருப்பதை மனத்தளவில் சற்று விலக்கிவிட்டு, அது தனியே ஓடுகிறதா என்று செவி கொடுத்துக் கேட்கிறேன். பல இரவுகளில் முள் விழுகிறது. விழுவதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு, மறுநாள் யாரிடம் போக வேண்டும் என்று எண்ணிக்கொண்டு உறங்குகிறேன்.